எலக்ட்ரான் நீல நிறமா, சார்?

மூன்று வருடங்களுக்கு முன்னால் எங்கள் பள்ளியில் அறிவியல் வகுப்புகளுக்கு சிமுலேஷன் மென்பொருள், அதாவது சோதனைகளைத் திரையிலேயே அசைத்துச் செய்து பார்க்கும் மென்பொருள், வாங்குவது என்று முடிவானது. எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்ல மூன்று பேரைப் போட்டார்கள். வேதியியல் மேடம் ஒருவர், உயிரியல் சார் ஒருவர், இயற்பியலுக்கு நான். மூன்று பேருக்கும் இதில் முன் அனுபவம் கிடையாது, அனுபவம் இல்லாதவர்கள் வழக்கமாக எதைச் செய்வார்களோ அதையே நாங்களும் செய்தோம். பெரிய அட்டவணை ஒன்று போட்டோம். நாற்பது வரி இருக்கும். படம் தெளிவாக இருக்கிறதா, முப்பரிமாணமா, எத்தனை பாடங்களுக்கு உதவும், குரல் விளக்கம் உண்டா, கடைசியில் வினாடி வினா உண்டா, ஆசிரியருக்கு அறிக்கை வருமா என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என மதிப்பெண். நான்கு நிறுவனங்கள் வந்து செய்து காட்டின. கூட்டிப் பார்த்தோம், எது முதலில் வந்ததோ அதை வாங்கினோம்.

அடுத்த கல்வியாண்டில் பாதி போவதற்குள் அதைத் திறப்பவர் யாரும் இல்லை. நானும்தான்.

மென்பொருள் மேல் மட்டும் பழி போட முடியாது. நாங்கள் மதிப்பெண் போட்டது முழுக்கத் திரைக்கு. திரைக்கு முன்னால் உட்காரப் போகிற பிள்ளைக்கு அந்த நாற்பது வரியில் ஒரு வரிகூட இல்லை. இது எனக்கு உறைத்தது ஒரு மின்சுற்று வகுப்பில். சிமுலேஷனில் பேட்டரி, வயர், பல்பு எல்லாம் இணைத்து, வயருக்குள் நீலப் புள்ளிகள் ஓடுவதைக் காட்டிப் பாடத்தை முடித்துவிட்டேன். வகுப்பு அமைதியாக, ஆர்வமாகப் பார்த்தது. எனக்கும் திருப்தி. மணி அடித்த பிறகு ஒரு பையன் வந்து, "சார், எலக்ட்ரான் நீல நிறமா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டே "இல்லப்பா, அது சும்மா படத்துக்காக" என்றேன். அவன் விடவில்லை. "அப்போ அது மெதுவா ஊர்ந்து போறது நிஜமா, அதுவும் படத்துக்காகவா?"

நல்ல கேள்வி. வயருக்குள் எலக்ட்ரான்கள் பொதுவாக முன்னேறுவது நிஜமாகவே மெதுவாகத்தான், சாதாரணச் செம்புக் கம்பியில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆக, நிறம் பொய், மெதுவாகப் போவது உண்மை, எலக்ட்ரான்கள் ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் வரிசையாக நிற்பது பொய், சுற்று முழுக்க ஒரே நேரத்தில் நகரத் தொடங்குவது ஏறக்குறைய உண்மை. ஒரே திரையில் இத்தனையும் கலந்து கிடக்கிறது. எது எது என்று நான் சொல்லவே இல்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. மற்ற 34 பிள்ளைகள் என்ன எடுத்துக்கொண்டு போனார்கள் என்று யாருக்குத் தெரியும்.

அதிலிருந்து ஒரு சிமுலேஷன் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது, இது எங்கே பொய் சொல்கிறது என்பதைத்தான். பொய் சொல்லாத சிமுலேஷன் கிடையாது, பாடப்புத்தகப் படமும் பொய்தான், கரும்பலகையில் நான் வரையும் அணுவும் பொய்தான். ஆனால் கரும்பலகைப் படத்தை யாரும் நிஜம் என்று நம்புவதில்லை. அசைகிற படத்தை நம்பிவிடுகிறார்கள்.

பொய் பெரும்பாலும் அளவில்தான் ஒளிந்திருக்கும். நிலவின் பிறைகளைக் காட்டும் சிமுலேஷன் ஒன்று எங்கள் தொகுப்பில் இருந்தது, பார்க்க அவ்வளவு அழகு. பூமிக்குப் பக்கத்திலேயே, இரண்டு மூன்று பூமி தள்ளி, நிலா சுற்றும். உண்மையில் நிலாவுக்கும் நமக்கும் இடையில் சுமார் 30 பூமிகளை வரிசையாக அடுக்கலாம். திரையில் அப்படி வைத்தால் இரண்டும் புள்ளியாகிவிடும் என்பது அதைச் செய்தவர்களின் சிரமம், புரிகிறது. ஆனால் இவ்வளவு நெருக்கத்தில் வைத்தால் பிள்ளைக்கு என்ன தோன்றும்? பூமியின் நிழல் விழுந்துதான் பிறை வருகிறது என்று தோன்றும். பிறை பற்றிப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிற தவறான எண்ணமே அதுதான். அந்தப் பாடம் முடிந்த பிறகு தேர்வில் நிழல் என்று எழுதியவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டை விடக் குறையவில்லை. அப்புறம் ஒரு கூடைப்பந்தும் டென்னிஸ் பந்தும் எடுத்துக்கொண்டு போய், கூடைப்பந்தை ஒருவன் பிடிக்க, டென்னிஸ் பந்தோடு இன்னொருவனை ஏழு மீட்டருக்கு மேல் நடக்கவிட்டேன். அந்தப் பையன் வகுப்பறைக் கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போனபோதுதான் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அதற்குப் பிறகு அதே சிமுலேஷனைக் காட்டினால் ஒன்றும் கெடுதல் இல்லை, "இதுல தூரம் தப்பா இருக்கு சார்" என்று அவர்களே சொல்கிறார்கள்.

திட, திரவ, வாயுத் துகள்களைக் காட்டும் சிமுலேஷன்களிலும் இதே கதை. திரவத்தில் துகள்களைத் தள்ளித் தள்ளி வரைந்திருப்பார்கள், திடத்துக்கும் வாயுவுக்கும் நடுவில் ஏதோ பாதி தூரம் என்பதுபோல. திரவத்தைப் பெரிதாக அமுக்க முடியாது என்று அடுத்த பக்கத்தில் நாமே சொல்லித் தருகிறோம், இடையில் அவ்வளவு இடம் இருந்தால் ஏன் அமுக்க முடியாது? தண்ணீர் 100 டிகிரியில் நீராவி ஆகும்போது கன அளவு ஏறத்தாழ 1,600, 1,700 மடங்கு ஆகிறது. அப்படியென்றால் துகள்களுக்கு இடையே உள்ள தூரம் ஒவ்வொரு திசையிலும் சுமார் 12 மடங்கு ஆக வேண்டும். நான் வாயுப் பகுதியில் ஸ்கேலை வைத்தே அளந்து பார்த்தேன், மூன்று மடங்குகூட இல்லை. ஸ்கேலைத் திரையில் வைத்து அளக்கிற இந்தப் பழக்கத்தைப் பார்த்து உயிரியல் சார் இன்றும் கிண்டல் செய்வார்.

இப்போது வேறு ஒரு சோதனை. இதை நான் எல்லோருக்கும் சொல்வேன், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சிமுலேஷனைச் செய்து காட்ட வருகிறவர் நடுவான அளவுகளிலேயே ஓட்டிக் காட்டுவார். நீங்கள் அளவை மாற்றும் ஸ்லைடரை இரண்டு ஓரத்துக்கும் இழுத்துப் பாருங்கள். ஊசல் என்றால், ஒரு மீட்டர் நீளம் வைத்துச் சின்னக் கோணத்தில் விட்டால் அலைவு நேரம் 2 நொடியை ஒட்டி வர வேண்டும், அது எல்லாவற்றிலும் வந்துவிடும். அப்புறம் 90 டிகிரியில் விடுங்கள். புத்தகத்துச் சூத்திரம் சின்னக் கோணத்துக்கு மட்டும்தான். 60 டிகிரியில் விட்டால் அலைவு நேரம் 7 சதவீதம் அளவுக்கும், 90இல் 18 சதவீதம் அளவுக்கும் கூட வேண்டும். உள்ளே இயக்கச் சமன்பாட்டை நிஜமாகவே தீர்க்கிற சிமுலேஷன் என்றால் கூடும். புத்தகச் சூத்திரத்தை எழுதி, அதற்கு மேல் அசைகிற படம் ஒட்டியது என்றால் எந்தக் கோணத்திலும் அதே 2.006 நொடி காட்டும். நாங்கள் வாங்கியது இரண்டாம் வகை. வாங்குவதற்கு முன் ஊசலை 90 டிகிரிக்கு இழுக்க மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

குவிலென்ஸ் என்றால் பொருளைச் சரியாகக் குவியத்தில் வையுங்கள். பிம்பம் முடிவிலியில் இருக்கும், கதிர்கள் இணையாக வெளியே போகும். ஒரு சிமுலேஷனில் கதிர்கள் இணையாகப் போவது தெரிந்தது, நல்லது. இன்னொன்றில் எந்த அறிவிப்பும் இல்லாமல் பிம்பம் காணாமல் போனது, பிள்ளைகள் நோட்டில் "பிம்பம் அழிந்துவிட்டது" என்று எழுதினார்கள். மூன்றாவது ஒன்றில் பிம்பத் தூரம் 9999 சென்டிமீட்டர் என்று வந்தது, அதையும் ஒரு பிள்ளை சிரத்தையாக அட்டவணையில் ஏற்றி வைத்திருந்தாள். அவளை என்ன சொல்ல? கருவி காட்டியதைக் குறித்திருக்கிறாள், நான் சொல்லித் தந்ததே அதைத்தானே.

சரி, திரை மீதான புகாரை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் என் முட்டாள்தனம் அதைவிடப் பெரியது. மின்சுற்று சிமுலேஷன் சிலவற்றில் ஷார்ட் சர்க்யூட் செய்தால் பேட்டரி தீப்பிடிப்பதுபோல் காட்டும். கணினி அறையில் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, பயிற்சித் தாள் கொடுத்து, படி 1, படி 2 என்று செய்யச் சொன்னேன். மூன்றாவது நிமிடத்தில் யாரோ ஒருவன் தீயைக் கண்டுபிடித்துவிட்டான். அவ்வளவுதான், அறை முழுக்கத் தீ. தாளை யாரும் சீண்டவில்லை. நான் கத்தினேன், புரொஜெக்டரை அணைத்தேன், பீரியட் வீணானது என்று ஆசிரியர் அறையில் புலம்பினேன்.

வேதியியல் மேடம் கேட்டுவிட்டு, "எத்தனை விதமா கொளுத்தினாங்க?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "ஒரே மாதிரி கொளுத்தினாங்களா, ஆளுக்கு ஒரு மாதிரியா?" அதை நான் கவனிக்கவில்லை. அடுத்த பிரிவுக்கு அதே பாடம் எடுக்கும்போது பயிற்சித் தாளைக் கொண்டு போகவில்லை. முதல் எட்டு நிமிடம் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று விட்டேன். தீ வந்ததும் பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: பேட்டரியை எத்தனை விதமாகக் கொளுத்தலாம், கொளுத்தவே முடியாமல் செய்ய என்ன வேண்டும்? அந்த 40 நிமிடத்தில் அவர்களே கண்டுபிடித்தவை: பல்பு இருந்தாலும் அதற்குப் பக்கவாட்டில் வெறும் வயர் போட்டால் தீ வரும், பல்பு அணைந்துவிடும். ஒரு மின்தடையைத் தொடரில் போட்டால் தீ வராது. பேட்டரிக்கு உள்ளேயே இருக்கும் தடையை, அதாவது அகத்தடையை, கூட்டினால் எப்படி இணைத்தாலும் கொளுத்த முடியாது. அகத்தடை அந்த வகுப்புக்குப் பாடமே இல்லை, ஒரு பெண் அந்த ஸ்லைடரைத் தானே கண்டுபிடித்து, "இது என்ன சார், இதைக் கூட்டினா பேட்டரி சோம்பேறி ஆயிடுது" என்றாள். அகத்தடைக்கு நான் இதுவரை கேட்டதிலேயே நல்ல விளக்கம் அதுதான்.

முதல் வகுப்பு பாழானதும் இரண்டாவது நடந்ததும் ஒரே சிமுலேஷனில்தான். கொடுத்த கேள்விதான் வேறு. அதனால்தான் இப்போது மதிப்பிடும்போது, இதை வைத்துப் பிள்ளை என்ன கேள்விக்குப் பதில் தேட முடியும் என்று ஒரு வரி எழுதிப் பார்க்கிறேன். எழுத வரவில்லை என்றால் அது சிமுலேஷன் இல்லை, வீடியோ. அடுத்து அடுத்து என்று அழுத்த மட்டுமே விடுகிற, தவறு செய்யவே இடம் தராத "மெய்நிகர் ஆய்வகங்கள்" நிறைய இருக்கின்றன. பிப்பெட்டை எடு என்றால் பிப்பெட் மட்டும்தான் மின்னும், வேறெதையும் தொட முடியாது. அவற்றுக்குப் பதில் ஒரு நல்ல வீடியோவே போதும், செலவும் மிச்சம்.

ஓட்டுவதற்கு முன் என்ன நடக்கும் என்று எழுத வைப்பதும் இங்கேதான் வருகிறது. முன்கணி, பார், விளக்கு என்று ஆசிரியப் பயிற்சியில் எல்லோரும் படித்ததுதான், நானும் படித்துவிட்டு மறந்திருந்தேன். பேனாவால் எழுத வேண்டும், பென்சில் கூடாது, ஏனென்றால் திரையில் விடை வந்த மறுநொடி ரப்பர் வெளியே வரும். "எனக்கு முன்னாடியே தெரியும் சார்" என்று சொல்லாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. தான் எழுதியதும் திரையில் வந்ததும் வேறு வேறாக இருக்கும்போது முகத்தில் ஒரு சுருக்கம் விழுகிறது, பாடம் உள்ளே போவது அப்போதுதான். அந்தச் சுருக்கம் விழ இடம் தராத சிமுலேஷன் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

நிஜக் கருவியா சிமுலேஷனா என்ற சண்டை எங்கள் ஆசிரியர் அறையில் பல மாதம் ஓடியது. மேடம் நிஜக் கட்சி, நான் கொஞ்ச காலம் திரைக் கட்சி. என் பக்கத்துக்கு ஆதாரம் இருந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், மின்சுற்றை சிமுலேஷனில் மட்டும் செய்த மாணவர்கள், நிஜ வயரும் பல்பும் வைத்துச் செய்தவர்களைவிடக் கருத்துக் கேள்விகளில் நன்றாகச் செய்தார்கள். அதோடு நிஜச் சுற்றைக் கட்டி விளக்கச் சொன்னபோதும் அவர்களே முன்னால் நின்றார்கள். அதைப் படித்துவிட்டு நான் மேடத்திடம் கொஞ்சம் அதிகமாகவே ஆடினேன். அது கல்லூரி மாணவர்கள் என்பதையும், அந்த சிமுலேஷன் நாங்கள் வாங்கியதைப்போல அல்லாமல் மாணவர்களை வைத்துச் சோதித்துச் சோதித்துச் செதுக்கியது என்பதையும் வசதியாக விட்டுவிட்டேன்.

அதற்கு மறுவாரமே எனக்குப் பாடம் கிடைத்தது. திரையில் தொடர் இணைப்பு, பக்க இணைப்பு எல்லாம் பிசகில்லாமல் செய்த ஒரு குழுவுக்கு நிஜப் பொருள்களைக் கொடுத்தேன். பல்பு எரியவில்லை. இருபது நிமிடம். பேட்டரியை மாற்றினார்கள், பல்பை மாற்றினார்கள், சுற்றை மூன்று முறை கலைத்துக் கட்டினார்கள். கடைசியில் பார்த்தால் முதலை கிளிப் வயரின் பிளாஸ்டிக் உறையைக் கடித்துக்கொண்டிருக்கிறது, உள்ளே இருக்கிற கம்பியைத் தொடவே இல்லை. "ஸ்கிரீன்ல வயர் தொட்டாலே ஒட்டிக்கும் சார்" என்றாள் ஒருத்தி, கிட்டத்தட்ட அழுகிற நிலையில். உண்மைதான். திரையில் இணைப்பு தளராது, துரு இருக்காது, பேட்டரி தீராது, பல்பு பாதி பியூஸ் ஆகாது. பழுது கண்டுபிடிப்பது என்கிற ஒரு முழு வேலையே அங்கே கிடையாது. ஆனால் அந்தக் குழு பீதியடையாமல் ஒவ்வொரு பாகமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டு போனதற்குக் காரணம், சுற்று எப்படி இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. அதைத் தந்தது திரைதான் என்று மேடமே ஒப்புக்கொண்டார். நானும் அன்று கட்சி மாறிவிட்டேன், இப்போது இரண்டும்.

வேதியியலில் மேடம் காட்டிய ஒன்று இன்னும் நுட்பமானது. ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிக்கும் தரம்பார்த்தலை சிமுலேஷனில் செய்தால் மூன்று முறையும் 25.00 மில்லிலிட்டர் என்று வருகிறது. அளவுக் கோடு போட்ட நிஜக் கண்ணாடிக் குழாயில், பியூரெட்டில், சிறு பிரிவே 0.1 மில்லிலிட்டர், ஒரு சொட்டு சுமார் 0.05. கண் மட்டம் மாறினால் அளவு மாறும், ஒரு சொட்டு கூடினால் கரைசலின் இளஞ்சிவப்பு அடர் ரோஜா நிறமாகிவிடும். 24.8, 25.1, 24.9 என்று வருவதுதான் இயல்பு. திரையில் பழகிய பிள்ளைகள் நிஜ லேபில் மூன்று அளவும் வேறு வேறாக வந்ததும் தாங்கள் தப்பு செய்துவிட்டதாக நினைத்து, இரண்டாவதையும் மூன்றாவதையும் முதல் அளவுக்கு ஒத்துப்போகத் திருத்தி எழுதினார்கள். செய்முறை நோட்டில் பொய் எழுதப் பிள்ளைகள் எங்கே கற்கிறார்கள் என்று கேட்டால் இங்கேயும்தான் என்பேன். சில சிமுலேஷன்களில் அளவீட்டில் சிறு ஏற்ற இறக்கம் வருமாறு வைத்திருக்கிறார்கள், அல்லது நிறுத்துக் கடிகாரத்தைப் பிள்ளையே அழுத்த வேண்டியிருக்கும், அப்போது ஆளுக்கு ஆள் அளவு மாறும். நான் இப்போது அதைத் தேடிப் பார்த்து எடுக்கிறேன். தானே அளந்து தானே அட்டவணை போட்டுத் தானே வரைபடமும் வரைந்து தருகிற வகையைக் கூடுமானவரை தவிர்க்கிறேன்.

நிஜமும் திரையும் முரண்படுகிற இடம் கிடைத்தால் விடவே கூடாது. டார்ச் பல்பை மின்தடையாகக் காட்டுகிற சிமுலேஷன் பலவற்றில் அதன் தடை மாறாது, மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட மின்னோட்டம் நேர்கோட்டில் ஏறும். நிஜ பல்பை மல்டிமீட்டரில் வைத்தபோது ஒன்றரை ஓம் காட்டியது. அதே பல்பு 2.5 வோல்ட்டில் எரியும்போது 0.3 ஆம்பியர் எடுத்தது, வகுத்தால் 8 ஓமுக்கு மேல். இழை சூடேறினால் தடை ஏறும், கோடு வளையும். இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி எது சரி என்று கேட்டேன். பாதிப் பேர் கம்ப்யூட்டர் தப்பாகாது, எங்கள் மீட்டர்தான் பழசு என்றார்கள். அந்த வாக்குவாதம் அடுத்த பீரியடுக்கும் போனது, கணக்கு சாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

இனி கொஞ்சம் உப்புச் சப்பில்லாத விஷயங்கள், ஆனால் வாங்கியதெல்லாம் தூங்கிப் போவது பெரும்பாலும் இவற்றால்தான். பிள்ளை ஒவ்வொருவருக்கும் லாகின், பாஸ்வேர்ட் என்றால் பீரியடில் பத்து நிமிடம் பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்கே போய்விடும், அதோடு பிள்ளைகளின் பெயரும் வயதும் எங்கே போய்ச் சேர்கிறது என்றும் கேட்டாக வேண்டும். பள்ளியிலேயே பழைய கணினி எதுவோ அதில் ஓட்டிப் பாருங்கள், விற்க வருகிறவரின் லேப்டாப்பில் பார்க்காதீர்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டும் ஓடுகிறதா என்று பாருங்கள். புரொஜெக்டர் வெளிச்சத்தில் கடைசி பெஞ்சிலிருந்து எழுத்து தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் மட்டுமே வேறுபாடு என்றால் நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளை என்ன செய்வான் என்பதெல்லாம் ஐந்து நிமிட வேலை. தலையில் மாட்டும் விஆர் கருவி ஒருமுறை வாடகைக்கு எடுத்தோம். மாட்டி, இறுக்கி, துடைத்து, அடுத்தவருக்கு மாட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது, இரண்டு பேருக்குத் தலைசுற்றல். இதயத்துக்குள் நடந்து போன பிள்ளைகளுக்கு நடந்தது நினைவிருக்கிறது, வால்வு எதற்கு என்பது நினைவில்லை. உயிரியல் சார் இன்னும் அதன் மேல் ஆசை விடவில்லை, அது வேறு கதை.

அப்புறம் ஆயுள். நான் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த இலவச சிமுலேஷன்களில் பெரும்பகுதி ஃப்ளாஷ் என்ற பழைய உலாவி மென்பொருளில் ஓடுபவை. 2020 டிசம்பர் 31உடன் அடோபி ஃப்ளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது, ஜனவரி நடுவில் பார்த்தால் என் கோப்புறை முழுக்க வெற்றுப் பெட்டிகள். அவற்றை ஒட்டி எழுதிய பயிற்சித் தாள்கள் 60க்கு மேல் இருந்தன. தப்பியவை எவை என்றால், பின்னால் ஆட்கள் இருந்து புதிய தொழில்நுட்பத்துக்கு மாற்றி எழுதியவை மட்டும். 2001இல் இயற்பியல் நோபல் வாங்கிய கார்ல் வீமன் மறு ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) சிமுலேஷன் திட்டம் அப்படி ஒன்று, பழைய ஜாவா, ஃப்ளாஷ் சிமுலேஷன்களை இன்றைய உலாவிகள் நேரடியாக ஓட்டும் எச்டிஎம்எல்5க்கு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தார்கள். இலவசம், ஒவ்வொரு சிமுலேஷனையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் ஓட்டலாம், தமிழில் மொழிபெயர்த்தவையும் உண்டு. தமிழில் ஓட்டும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், திரையில் இருக்கும் சொல்லும் உங்கள் பாடப்புத்தகச் சொல்லும் ஒன்றா என்று. புத்தகத்தில் மின்னழுத்த வேறுபாடு, திரையில் மின்னழுத்தம் என்று இருந்தால் இரண்டும் வேறு வேறு என்று நினைக்கிற பிள்ளை கட்டாயம் ஒன்று இருக்கும்.

போன மாதம் மறுபடி ஒரு நிறுவனம் வந்தது. இந்தமுறை அட்டவணை கிடையாது. மேடத்தின் யோசனைப்படி எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம், ஒருத்தி நன்றாகப் படிப்பவள், ஒருவன் கடைசி பெஞ்ச். வந்தவரிடம், லேப்டாப்பை இவர்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் எங்களோடு பின்னால் உட்காருங்கள், 20 நிமிடம் யாரும் பேசக்கூடாது என்றோம். அவர் உட்கார்ந்தார், ஆனால் கை மட்டும் மவுஸைத் தேடிக்கொண்டே இருந்தது. பையன் ஊசலை எடுத்தான். கொஞ்ச நேரம் ஆட்டினான், நீளத்தைக் குறைத்தான், கூட்டினான், சலித்துப்போய் குண்டைப் பிடித்துத் தலைக்கு மேல் இழுத்தான். நாங்கள் சொல்லித் தரவே இல்லை. வந்தவர் எழுந்துவிட்டார். "தம்பி, அவ்வளவு தூரம் இழுக்கக் கூடாது" என்றார். பையன் திரும்பி என்னைப் பார்த்து, "ஏன் சார் இழுக்கக் கூடாது?" என்றான்.

வாங்கவில்லை. ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை எடுத்து மல்டிமீட்டரும் முதலை கிளிப்பும் வாங்கச் சொன்னோம், மீதி அடுத்த ஆண்டுக்கு. கிளிப் வாங்குபவர்கள் பல் கூர்மையாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், மழுங்கினது உறையைத்தான் கடிக்கும்.